திகில் எழுத்தாளர்கள் கூடும் இடத்துக்கு நான் போகலாமா?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். மருந்து நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஆங்கிலத்தில் திகில் கதைகள் எழுதுகிறேன். இரண்டு கதைகள் சிறிய இதழ்களில் வெளிவந்திருக்கின்றன. நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. திகில் எழுத்தாளர் மாநாடுகளுக்குப் போய் நாலு பேரைத் தெரிந்துகொண்டால்தான் முன்னுக்கு வர முடியும் என்கிறார்கள். செலவை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. என் நிறத்தில் நான் ஒருத்திதான் இருப்பேனோ என்ற கூச்சமும் உண்டு. கதைகளை இங்குள்ள பழைய மாளிகைகளில் நடக்கவிடுவதா, எங்கள் ஊர் முனியையும் பேயையும் எழுதுவதா என்பதும் பிடிபடவில்லை. இதற்கிடையில் சிறு பதிப்பகம் ஒன்று என் நாவலை வெளியிட்டு மாநாட்டில் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி, முன்பணம் கட்டச் சொல்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் பணம் இருக்கிறது. அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். முன்பணம் என்பது பதிப்பாளர் எழுத்தாளருக்குத் தருவது. அதை எழுத்தாளரிடமே கேட்கிறவருக்கு உங்கள் காசோலை மாறிய அன்றே லாபம் வந்துவிடுகிறது. அதன்பின் புத்தகம் ஒரு கடையிலாவது இருக்கிறதா, ஒருவராவது படித்தாரா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்காது. மாநாட்டில் அறிமுகப்படுத்துவதும் அப்படியொன்றும் கிடைத்தற்கரிய வாய்ப்பில்லை. விற்பனைக் கூடத்தில் மேசைக்கு வாடகை கட்டினால் புத்தகத்தைப் பரப்பி வைத்துவிடலாம். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி எழுத்தாளர்களை எச்சரிப்பதற்கென்றே 'ரைட்டர் பிவேர்' என்ற குழு 1998 முதல் இயங்கி வருகிறது. பதிப்பகத்தின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள். உங்கள் செலவில் நீங்களே புத்தகம் போடுவது வேறு. அதில் பிழைதிருத்துபவருக்கும் அட்டை வரைபவருக்கும் நேரடியாகக் கூலி கொடுப்பீர்கள், உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொருவர் பதிப்பாளர் என்று பெயர் போட்டுக்கொண்டு உங்களிடமே வசூலிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி மாநாடுகள். போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பெயர்களில் மூத்தது 'வேர்ல்ட் ஃபேன்டஸி கன்வென்ஷன்'. பெயரில் மாயப்புனைவு என்று இருந்தாலும் அது பிறந்தது திகிலின் மடியில்தான். முதல் கூட்டம் 1975 அக்டோபர் கடைசியில், திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் வாழ்ந்த பிராவிடன்ஸ் நகரத்தில் நடந்தது. திகில் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டது 1980-களின் நடுவில். அதுதான் இன்றைய 'ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன்'. 1987-ல் வெளிவந்த படைப்புகள் தொடங்கி ஆண்டுதோறும் பிராம் ஸ்டோக்கர் விருதுகளை அது வழங்கி வருகிறது. விருதுச் சிலை, பேய் குடியிருக்கும் ஒரு குட்டி மாளிகை. அதன் வாசல்கதவைத் திறந்தால் உள்ளே பித்தளைத் தகட்டில் வென்றவரின் பெயர் பொறித்திருக்கும். அந்த விருது விழாவைச் சுற்றி 'ஸ்டோக்கர்கான்' என்ற மாநாடு 2016-ல் லாஸ் வேகஸில் தொடங்கி, ஆண்டுக்கு ஓர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கிறது. பிராவிடன்ஸில் லவ்கிராஃப்ட் வாசகர்களுக்கென்று 'நெக்ரோனாமிகான்' தனியாக உண்டு.

எந்த மாநாடானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு ஹோட்டலின் கூட்ட அறைகளில் காலையிலிருந்து இரவு வரை உரையாடல் அரங்குகள். ஒரு பெரிய கூடத்தில் புத்தக விற்பனை. சிறிய அறைகளில் எழுத்தாளர்கள் தங்கள் கதைகளை வாசிப்பது. இரவானால் பாரில் கூட்டம். வேர்ல்ட் ஃபேன்டஸியில் வருகிறவர்களுக்குப் பை நிறையப் புத்தகங்கள் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் மாலை எல்லா எழுத்தாளர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திடச் செய்வார்கள். மடித்து நிறுத்திய அட்டையில் அவரவர் பெயர் இருக்கும். லட்சக்கணக்கில் புத்தகம் விற்றவருக்கும் முதல் கதையை நேற்று வெளியிட்டவருக்கும் ஒரே அளவு மேசை, ஒரே மாதிரி அட்டை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். பதிவுக் கட்டணம், மூன்று இரவு ஹோட்டல், பயணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் எளிதில் ஆயிரம் டாலரைத் தாண்டும். அமெரிக்காவில் அறிவியல் புனைவு, மாயப்புனைவு எழுத்தாளர் சங்கம் 2019 முதல் தொழில்முறை விகிதம் என்று வைத்திருப்பது சொல்லுக்கு 8 சென்ட். 4,000 சொற்களில் ஒரு கதையை நல்ல இதழுக்கு விற்றால் 320 டாலர். ஆக, ஒரு மாநாட்டுச் செலவை ஈடுகட்ட நல்ல இடங்களில் மூன்று, நான்கு கதைகள் விற்க வேண்டும். அங்கே போய்க் கதை விற்றுவிடலாம் என்றால் அதுவும் இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து இலக்கிய முகவரிடமோ பதிப்பாசிரியரிடமோ நாவலைப் பற்றிச் சொல்லும் சந்திப்புகளை ஏற்பாடு செய்வார்கள். அவர் உங்கள் பேச்சில் மயங்கியே போனாலும் அடுத்து கேட்கும் கேள்வி, "முழுப் பிரதியும் தயாரா?" புதிய எழுத்தாளரின் நாவலை முழுதாகப் படிக்காமல் யாரும் வாங்குவதில்லை. பாதியில் நிற்கும் நாவலோடு அந்த நாற்காலியில் போய் உட்காராதீர்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்றதற்கு இதுவே காரணம். அந்த ஆயிரம் டாலர் வங்கியிலேயே இருக்கட்டும். அந்த வார இறுதிகள் நாவலுக்குப் போகட்டும்.

நாலு பேரைத் தெரிந்துகொண்டால்தான் முன்னுக்கு வர முடியும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். தாமஸ் லிகோட்டி கூட்டங்களிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தவர். அவர் கதைகளைப் படித்து எழுத வந்தவர்கள் இந்தத் துறை முழுக்க இருக்கிறார்கள். ஆனால் யாருமே இல்லாமல் எழுதுவதும் கடினம். நமக்கு வேண்டியது சிபாரிசு செய்யும் ஆள் இல்லை. நம் கதையை அக்கறையோடு படித்து, "மூன்றாம் பக்கத்தில் பயம் போய்விட்டது" என்று கூசாமல் சொல்லும் ஆள்தான் வேண்டும். திகிலில் இது மற்ற வகை எழுத்தைவிட அவசரத் தேவை. எழுதுகிறவருக்குப் பேய் எப்போது வரும் என்று முன்பே தெரியும். அந்த இடத்தில் பயம் பிறக்கிறதா என்று அவரால் சோதித்துப் பார்க்கவே முடியாது.

அப்படிப்பட்ட உறவுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் கடிதத்தில் நடந்தது. 1933-ல் மில்வாக்கியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், தான் படித்து வியந்த லவ்கிராஃப்டுக்குக் கடிதம் எழுதினான். கிடைக்காத பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பதில் வந்தது. கதைகளை இரவல் அனுப்புகிறேன் என்றார் லவ்கிராஃப்ட். நீயும் எழுதிப்பாரேன், நான் படித்துச் சொல்கிறேன் என்றும் எழுதினார். அந்தப் பையன்தான் பின்னாளில் 'சைக்கோ' நாவலை எழுதிய ராபர்ட் பிளாக். அடுத்த ஆண்டே 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்குக் கதை விற்றுவிட்டான். பிறகு லவ்கிராஃப்டை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம் ஒன்றைத் தன் கதையில் கொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவரிடமே அனுமதி கேட்டான். 1935-ல் அவர் முறையான சான்றிதழ் போலவே ஒரு கடிதம் தயாரித்து, தன்னை எப்படி வேண்டுமானாலும் கொல்லலாம், சிதைக்கலாம், உருமாற்றலாம் என்று அனுமதி தந்தார். தன் கற்பனைப் பாத்திரங்களையே சாட்சிகளாகக் கையெழுத்திட வைத்தார். பிறகு தன்னுடைய கதையில் ராபர்ட் பிளேக் என்று பெயரிட்டு இந்தப் பையனைக் கொன்று கணக்கை நேர் செய்தார். இரண்டு பேரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1937-ல் லவ்கிராஃப்ட் இறந்துபோனார். 1975-ல் பிராவிடன்ஸில் அந்த முதல் மாநாடு கூடியபோது கௌரவ விருந்தினராக மேடையில் இருந்தவர் பிளாக். வாழ்நாள் சாதனைக்கான முதல் வேர்ல்ட் ஃபேன்டஸி விருதும் அவருக்கே கிடைத்தது.

பிளாக் அந்தக் கடிதத்தில் என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்கவில்லை. கதைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நீங்களும் அப்படியே வாசகியாகப் போங்கள். ஓர் எழுத்தாளரைச் சந்திக்க விரும்பினால் அவருடைய ஒரு கதையையாவது முழுதாகப் படித்திருங்கள். அதில் உங்களை உறுத்திய ஓர் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கதையை நீட்டாதீர்கள்; அவராகக் கேட்டால் சொல்லுங்கள். கூச்சமுள்ளவர்களுக்கு மாநாட்டில் மிக நல்ல இடம் கதை வாசிக்கும் சிறிய அறைகள். பெரிய பெயர்களின் அரங்குக்கு எல்லோரும் ஓடிவிடுவார்கள். அதிகம் பெயர் கேள்விப்படாத ஒருவர் வாசிக்கும் அறையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஒருமுறை அப்படி ஓர் அறையில் இருந்தேன். வாசித்த பெண்ணின் குரல் முதல் பக்கத்தில் நடுங்கியது, ஏ.சி. இரைச்சலில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. கதையில் ஒரு தாய் மாடிப்படியில் மகளின் காலடியை எண்ணுகிற இடம் வந்தது. படிகள் பன்னிரண்டு, காலடி பதின்மூன்று. முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பேனாவை அப்படியே நிறுத்திவிட்டார். வாசிப்பு முடிந்ததும் அந்த ஐந்தாறு பேரும் வெளியே தாழ்வாரத்தில் அவரைச் சூழ்ந்து நின்று, அடுத்த அரங்குக்கு நேரமானதும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களில் இருவர் இன்றும் என் பிரதிகளை அச்சுக்கு முன்பே படிக்கிறவர்கள்.

நிறத்தைப் பற்றிய உங்கள் கூச்சத்தை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. சில அறைகளில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இந்தத் துறை வணங்கிய லவ்கிராஃப்ட் கறுப்பின மக்களையும் குடியேறிகளையும் பற்றி எழுதியவை படிக்கவே கூசுபவை. அவருடைய தலைச்சிலைதான் பல பத்தாண்டுகள் வேர்ல்ட் ஃபேன்டஸி விருதாக வழங்கப்பட்டது. 2011-ல் சிறந்த நாவலுக்கான விருது நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோரஃபோருக்குக் கிடைத்தது. லவ்கிராஃப்ட் எழுதிய வெறுப்புக் கவிதை ஒன்றைப் படித்த பிறகு அந்தச் சிலையை வீட்டில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று ஒகோரஃபோர் வெளிப்படையாக எழுதினார். 2014-ல் அதே விருதைப் பெற்ற சோஃபியா சமத்தர் மேடையிலேயே இதைப் பேசினார். மனு போட்டார்கள், சண்டை நடந்தது, மூத்தவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். 2015-ல் அந்தச் சிலையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இப்போது விருதாகக் கொடுப்பது, கிளைகளுக்கிடையே நிலவு தெரியும் ஒரு மரம். ஸ்டோக்கர் விருதில் 2014-ம் ஆண்டின் சிறந்த சிறுகதை வரிசையில் பாகிஸ்தான் மருத்துவர் உஸ்மான் மாலிக்கின் கதை வென்றது. அந்நாட்டு மண்ணும் குடும்பமும் குண்டுவெடிப்பும் கலந்த கதை. அவர்கள் வருத்தப்பட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. உள்ளே போய்ப் பேசினார்கள், அதனால்தான் கதவு இவ்வளவாவது திறந்திருக்கிறது. நீங்கள் போகும் மாநாட்டின் நடத்தை விதிகளை முன்பே படித்துவிடுங்கள். யாரிடம் புகார் செய்வது என்று அதில் தெளிவாக இல்லையென்றால் அந்த மாநாட்டுக்குப் போக வேண்டாம். தொழில் பேச ஹோட்டல் அறைக்கு வாருங்கள் என்று யார் அழைத்தாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், போகாதீர்கள். நேர்மையானவர்கள், நாலு பேர் நடமாடும் இடத்தில்தான் தொழில் பேசுவார்கள்.

மாளிகையா, முனியா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் நல்ல விடை பெற்றிருக்கிறார். ராம்சே கேம்ப்பெல் லிவர்பூல்காரர். பதின்ம வயதில் லவ்கிராஃப்டைப் பார்த்து, தான் கால்வைக்காத மாசசூசெட்ஸில் கதைகளை நடத்தினார். அவற்றை 'ஆர்க்கம் ஹவுஸ்' பதிப்பகம் நடத்திய ஆகஸ்ட் டெர்லெத்துக்கு அனுப்பினார். டெர்லெத் தாட்சண்யம் பார்க்காமல் குறைகளைச் சொன்னார். முக்கியமாக, உனக்குத் தெரிந்த இங்கிலாந்துக்குக் கதையைக் கொண்டுபோ என்றார். பையன் அத்தனையையும் திருப்பி எழுதினான். முதல் தொகுப்பு 1964-ல் வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. பின்னாளில் லிவர்பூலின் தெருக்களையும் சுரங்கப்பாதைகளையும் இடிந்த சினிமாக் கொட்டகைகளையும் கேம்ப்பெல் எழுதியபோதுதான் அவருக்கே உரிய பயம் பிறந்தது.

உங்களிடம் இருக்கும் பொருள் எவ்வளவு பெரியது என்று நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இவர்களுடைய பேய்க்கு இருட்டும் பனியும் வேண்டும். நம் முனிக்கு உச்சிவெயில் போதும். பன்னிரண்டு மணிக்குப் புளியமரத்தடியில் நிற்காதே, அந்த நேரத்தில் கிணற்றடிக்குப் போகாதே, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று முறை கேட்ட பிறகு திரும்பு என்று சொல்லித்தானே புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நிழலே விழாத வெளிச்சத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லாத பொட்டலில் பிறக்கும் பயத்தை இங்குள்ள வாசகர்கள் அதிகம் படித்ததில்லை. தொகுப்பாசிரியனாக என் மேசைக்கு வரும் கதைகளில் நள்ளிரவுகளைப் படித்துப் படித்துச் சலித்திருக்கிறேன். ஒரு மதியத்தை அனுப்புங்கள். அதை இந்திய மர்மம் என்று ஜிகினா ஒட்டி விற்காதீர்கள். சாமியா பேயா என்று ஊரே தீர்மானிக்காமல் பொங்கல் வைத்துக் கும்பிடும் ஒன்றை, அங்கே வளர்ந்தவள் எப்படிச் சாதாரணமாக நினைப்பாளோ அப்படியே எழுதுங்கள். நியூ ஜெர்சியில் நடக்கும் கதையும் உங்களுடையதுதான். கிருமி நீக்கிய அறையில் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, ஒரே மாதிரி உடையில் நிற்பவர்களில் யார் யார் என்று தெரியாமல் வேலை செய்கிறீர்கள். மாளிகையை விட்டுவிட்டு அந்த அறைக்குள் போங்கள்.

பிரதி முடிந்ததும் திகில் எழுத்தாளர் சங்கத்தின் வழிகாட்டித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் எழுத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஏற்பாடு உண்டு. அதன்பிறகு முழு நாவலோடு அடுத்த ஆண்டு ஸ்டோக்கர்கானுக்குப் பதிவு செய்யலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் இருப்பது நியூயார்க்குக்குப் பக்கத்தில். மன்ஹாட்டன் ஈஸ்ட் வில்லேஜில், நான்காவது தெருவில், மாடிப்படி ஏறிப் போகும் 'கேஜிபி பார்' என்ற சிறிய இடம் இருக்கிறது. அங்கே மாதம் ஒரு புதன்கிழமை இரவு 'ஃபென்டாஸ்டிக் ஃபிக்ஷன்' என்ற பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் கதை வாசிப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நடத்துகிறவர்களில் ஒருவர் எலன் டாட்லோ. ஆண்டுதோறும் சிறந்த திகில் கதைகளைத் தொகுத்து வருபவர். மது அருந்தாவிட்டால் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம். சிவப்புச் சுவர், நெருக்கமான நாற்காலிகள். சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும். முதல் முறை கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். அடுத்த மாதம் வாசிக்கப்போகிறவர் யார் என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். அவருடைய கதை ஒன்றைத் தேடிப் படித்துவிட்டுப் போனால், இடைவேளையில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.